கரகரக்கும் ஒரு சிங்கிள்: பதிவு முதல் வெளியீடு வரை

கரகரப்பான கிட்டாரோடு ஒரு சிங்கிளை, அதாவது தனியாக வெளியிடும் ஒரு பாட்டை, சேலத்தில் வீட்டிலேயே பதிவு செய்தால் முதல் எதிரி பக்கத்துத் தெரு விசைத்தறி. அதன் அதிர்வு தரைவழியாக மைக் ஸ்டாண்டில் ஏறும். அடியில் தடித்த ரப்பர் பாயை மடித்துப் போட்டு, கிட்டார் பதிவில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடிச்சத்தத்தை வெட்டிவிடுங்கள்.

பதிவு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்ட வேண்டாம். இரைச்சல் ஃபஸ் பெடலிலிருந்து (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் மிதி) வரட்டும், இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கணினிக்கு அனுப்பும் பெட்டி) கிளிப் ஆகி, அதாவது அளவு மீறி ஒலி சிதைந்து வரக்கூடாது. மைக்கை கிட்டார் ஆம்ப் ஸ்பீக்கரின் நட்டநடுவில் வைத்தால் காதைக் கிழிக்கும். நடுவிலிருந்து ஓரமாக இரண்டு விரல் தள்ளி வையுங்கள். ஒரே ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) இரண்டு தடவை வாசித்து இடம் வலமாகப் பிரியுங்கள். ஒரே டேக்கை (ஒரு தடவை வாசித்த பதிவு) நகலெடுத்தால் சத்தம் கூடும், அகலம் வராது. குரல் மூழ்கினால் கிட்டாரில் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபல் இறக்குங்கள். குரலை ஏற்றிக்கொண்டே போவது சோம்பேறி வைத்தியம்.



ஸ்பாடிஃபை வழக்கமாக மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு) அளவுக்குப் பாட்டைச் சமன்செய்யும். சத்தத்தைக் கூட்ட மைனஸ் 6 வரை நசுக்கினாலும் அது இறக்கிவிடும். செத்துப்போவது டிரம்ஸின் அடிதான்.

அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல். ஸ்பாடிஃபையின் பிளேலிஸ்ட்டில் சேர்க்கச் சொல்லி வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், பாட்டை ஸ்பாடிஃபை போன்றவற்றுக்கு அனுப்பும் விநியோகத் தளத்தில் மூன்று வாரம் முன்பே ஏற்றிவிடுங்கள்.