பழைய மோட்டார்ஹோமின் கூரை ஒழுகுகிறதா? பிரித்து, சரிசெய்து, மறுபடி அடைக்கும் முறை

அமெரிக்காவிலும் கனடாவிலும் இருபது வருடப் பழைய மோட்டார்ஹோம், அதாவது படுக்கையும் குளியலறையும் உள்ள வீட்டு வண்டி, வாங்கப் போகிறவர்கள் எஞ்சினைத்தான் முதலில் பார்ப்பார்கள். எத்தனை மைல் ஓடியிருக்கிறது, கியர் ஒழுங்காக விழுகிறதா, டயர் எப்படி என்றெல்லாம் விசாரிப்பார்கள். ஏணி போட்டுக் கூரையைப் பார்ப்பவர்கள் குறைவு. என் அனுபவத்தில் இந்த வண்டிகளை முடக்கிப்போடுவது பெரும்பாலும் எஞ்சின் இல்லை, தண்ணீர்தான். எஞ்சினில் கோளாறு என்றால் மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம். கூரை வழியாக இறங்கிய தண்ணீர் சுவருக்குள் இருக்கும் மரச்சட்டத்தை மக்க வைத்துவிட்டால் வீட்டுப் பகுதியையே பிரித்துக் கட்ட வேண்டும். பழைய வண்டிக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. ஆனால் நேரத்தோடு கவனித்தால் இது வீட்டு வாசலிலேயே செய்துகொள்ளக்கூடிய வேலைதான்.

இங்கே நான் சொல்வது கிளாஸ் சி வகை வண்டிக்கு. வேன் முகப்புக்கு மேலே படுக்கை துருத்திக்கொண்டிருக்கும் ரகம் அது. தொண்ணூறுகளிலும் 2000களிலும் வந்த இவற்றில் பலவற்றுக்கு ரப்பர் கூரைதான். பிளைவுட் பலகைமேல் ரப்பர் ஷீட்டை ஒட்டி, ஓரங்களில் அலுமினியப் பட்டை வைத்து ஸ்க்ரூ அடித்திருப்பார்கள்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரப்பர் ஷீட்டின் நடுப்பகுதி சும்மா ஒழுகாது. ஒழுகுவது ஓட்டை போட்ட இடங்களில்தான்: வென்ட் எனும் காற்றுப்போக்கி, குழாய், ஆன்டெனா, விளக்கு, ஓரப்பட்டை. அதனால் உங்கள் உழைப்பில் பெரும்பங்கு இந்த இணைப்புகளுக்குப் போக வேண்டும். கூரை முழுக்க அடிக்கும் வெள்ளைக் கோட்டிங் கடைசி வேலை. சில வண்டிகளுக்கு அது தேவையே இல்லை.

1. என்ன கூரை என்று தெரிந்துகொள்ளுங்கள்

கட்டை விரலால் கூரையை அழுத்தித் தேயுங்கள். சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் தூள் ஒட்டினால், தேய்ந்த இடத்தில் அடியில் கறுப்பு தெரிந்தால், அது ஈ.பி.டி.எம். ரப்பர். தூள் வராமல் பிளாஸ்டிக் போல வழவழப்பாக இருந்தால் டி.பி.ஓ. என்ற இன்னொரு வகை ஷீட்டாக இருக்கலாம். தட்டினால் கெட்டியான ஓசை வந்தால் ஃபைபர்கிளாஸ். உலோகக் கூரை பார்த்தாலே தெரியும். வேலையின் வரிசை எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் சீலன்டும் (இடுக்குகளை அடைக்கும் பசை) துடைக்கும் திரவமும் மாறும். எந்தக் கூரைக்கு ஏற்றது என்று டியூபிலேயே அச்சடித்திருப்பார்கள். வாங்கும்போது அதைப் படித்துவிடுங்கள்.

2. தண்ணீர் எங்கே இறங்குகிறது?

உள்ளேயிருந்து தொடங்குங்கள். மேல் படுக்கையின் மூலைகள், மேல் அலமாரிகளின் உட்பக்கம், குளியலறைக் கண்ணாடிக் கூரையின் ஓரம், ஏ.சி.யின் உட்சட்டம், இந்த நான்கையும் விரலால் அழுத்திப் பாருங்கள். பழுப்புக் கறை, மெத்தென்ற பலகை, பூஞ்சை வாடை எல்லாம் அடையாளங்கள். இரண்டு ஊசி குத்திப் பார்க்கும் ஈரப்பதமானி ஒன்று இருந்தால் நல்லது, விலையும் அதிகமில்லை. அளவைப் பென்சிலால் அந்த இடத்திலேயே எழுதி வையுங்கள், பின்னால் உதவும்.

கறை இருக்கும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே இறங்கிய தண்ணீர் கூரைச் சட்டத்தையும் ஒயரையும் பிடித்துக்கொண்டு பல அடி தள்ளிப்போய்ச் சொட்டும்.

உறுதிப்படுத்த ஒருவரை உள்ளே டார்ச்சோடு உட்கார வைத்துவிட்டு, வெளியே தோட்டக் குழாயால் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். தாழ்வான இடத்தில் ஆரம்பித்து மேலே போக வேண்டும். ஒவ்வொரு இணைப்புக்கும் பத்து நிமிடமாவது கொடுங்கள். மொத்தமாக நனைத்துவிட்டால் எது ஒழுகியது என்றே தெரியாது. இன்னொரு வழி, வண்டிக்குள் காற்றைத் திணித்துப் பார்ப்பது. கேஸை மூடி, எரியும் சுடர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஜன்னல்களையும் அடைத்துவிட்டு, ஒரு வென்ட் வழியாக விசிறியால் காற்றை உள்ளே தள்ளுங்கள். மேலே ஏறி இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைத் தடவினால் ஓட்டை உள்ள இடத்தில் குமிழி வரும். பணிமனைகளில் இதற்கென்றே ஒரு இயந்திரம் வைத்திருக்கிறார்கள். நாமே தேடிக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் இந்தச் சோதனையை மட்டும் அங்கே செய்துகொள்வது நல்ல யோசனை.

3. மேலே ஏறும்போது

தொழிற்சாலையிலேயே பின்னால் ஏணி வைத்த வண்டி என்றால் கூரை பெரும்பாலும் ஆள் எடை தாங்கும். ஏணி இல்லாத வண்டியில் நடக்காதீர்கள். தனி ஏணியில் நின்றபடியே எட்டும் இடத்தை வேலை பாருங்கள். ஏறுகிறவர்களும் எடை பரவுவதற்கு ஒரு பிளைவுட் துண்டைப் போட்டு, அதன்மேல் மண்டியிட்டு வேலை செய்வதுதான் சரி. சோப்புத் தண்ணீர் பட்ட ரப்பர் பயங்கரமாக வழுக்கும். ஓரத்துக்கு முதுகைக் காட்டி நகராதீர்கள். கீழே ஒருவர் இருக்கட்டும்.

4. கழுவுதல்

முதலில் பக்கச் சுவர்களை நனைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கூரையிலிருந்து இறங்கும் வெள்ளைத் தூள் சுவரில் கோடு கோடாகக் காய்ந்து பிடித்துக்கொள்ளும். பாத்திரம் கழுவும் சோப்பும் நடுத்தரப் பிரஷ்ஷும் போதும். பெட்ரோலியம் கலந்த எதையும், ஆரஞ்சு எண்ணெய் கலந்த கிளீனரையும் ஈ.பி.டி.எம். பக்கம் கொண்டுபோகாதீர்கள், ரப்பர் உப்பிவிடும். அதிவேகத் தண்ணீர்த் துப்பாக்கியும் வேண்டாம். அது விரிசல் வழியாகத் தண்ணீரை உள்ளே செலுத்திவிடும். அப்புறம் ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள்.

5. பழைய சீலன்டைப் பிரித்தல்

எல்லாவற்றையும் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை. பழைய சீலன்ட் கெட்டியாக ஒட்டியிருந்து, மேலே மட்டும் வறண்ட ஏரிச் சேறு மாதிரி வெடித்திருந்தால், ஆல்கஹாலால் துடைத்துவிட்டு அதன்மேலேயே புதியதைப் போடலாம். ஓரம் தூக்கிக்கொண்டிருந்தால் அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள். முந்தைய உரிமையாளர் சிலிக்கோன் போட்டிருந்தால் ஒரு துளி மிச்சமில்லாமல் எடுத்தாக வேண்டும், ஏனென்றால் சிலிக்கோன்மேல் வேறு எதுவும் ஒட்டாது. பளபளவென்று, இழுத்தால் ரப்பர் நாடா போல உரிந்து வருவது சிலிக்கோன். இதுதான் இந்த வேலையிலேயே பொறுமையைச் சோதிக்கும் பகுதி. ஆனால் இங்கே அவசரப்பட்டால் பின்னால் செய்வதெல்லாம் வீண்.

பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பரைப் பயன்படுத்துங்கள். இரும்புத் தகடு ரப்பரைக் கிழித்துவிடும். ஹீட் கன்னை (சூடான காற்றை ஊதும் கருவி) குறைந்த சூட்டில் வைத்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காட்டினால் சீலன்ட் இளகி வரும்.

கழிவுநீர்த் தொட்டியிலிருந்து கூரைக்கு வரும் காற்றுக்குழாயின் மூடியைச் சுற்றிச் சுரண்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சீலன்ட் போனதும் நாலைந்து ஸ்க்ரூ தலைகள் வெளியே வரும், சில துருப்பிடித்திருக்கும். ஒவ்வொன்றையும் கையால் மெதுவாக முறுக்கிப் பாருங்கள். மரத்தைக் கடித்து இறுகினால் அடியில் பலகை நன்றாக இருக்கிறது. பிடிப்பே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் மரம் மக்கியிருக்கிறது. கழற்றி ஸ்க்ரூவின் மரையைப் பாருங்கள்: கறுத்த ஈரத்தூள் ஒட்டியிருந்தால் சந்தேகமே இல்லை. எந்தக் கருவியையும்விட இந்தச் சோதனையைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

6. மக்கிய பலகையை மாற்றுதல்

ஒரே ஒரு ஸ்க்ரூ துளைதான் தளர்ந்திருக்கிறது என்றால் எபாக்ஸி பசை நிரப்பிக் காயவிட்டு மறுபடி முடுக்கலாம். குத்தூசியால் சுற்றிலும் குத்திப் பார்த்து, உள்ளங்கை அளவுக்கு மேல் மெத்தென்று இருந்தால் திறக்கத்தான் வேண்டும்.

ரப்பரை மூன்று பக்கம் மட்டும் வெட்டி, நான்காவது பக்கத்தில் கதவு போல மடித்துப் புரட்டுங்கள். மக்கிய பலகையை நல்ல மரம் வரும்வரை, கூரைச் சட்டத்தின் நடுக்கோடு வரை அறுத்து எடுங்கள். ரம்பத்தின் ஆழத்தைப் பலகையின் தடிமனுக்கு மேல் போகாமல் வைப்பது முக்கியம், அடியில் ஒயர் ஓடும். பூஞ்சைத் தூள் பறக்கும் என்பதால் என்95 முகக்கவசம் அணியுங்கள். நனைந்த இன்சுலேஷனைத் தூக்கிப் போடுங்கள்.

அப்புறம் காய்வதற்கு நேரம் கொடுங்கள். விசிறியும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டீஹ்யூமிடிஃபையரும் வைத்தாலும் சில நாள் ஆகும். மரத்தில் ஈரப்பதம் 15 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகுதான் மூட வேண்டும். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் மக்குவது நிற்காது.

அதே தடிமனில் புதுப் பலகை வைத்து, ஸ்க்ரூ தலை பலகையோடு மட்டமாக அமுங்கும்படி முடுக்குங்கள். பலகை சேரும் கோடுகளில் டேப் ஒட்டுங்கள், அந்த விளிம்பு பின்னால் ரப்பரை அறுக்காமல் இருக்கும். ரப்பர் கூரைக்கென்றே விற்கும் தண்ணீர் கலந்த பசையைத் தடவி, ரப்பரைத் திருப்பிப் போட்டு ரோலரால் அழுத்துங்கள். வெட்டின கோடுகளைக் கூரை டேப்பால் மூடுங்கள்.

மக்கல் பல சட்டங்களைத் தாண்டிப் பரவியிருந்தாலோ, சுவரும் கூரையும் சேரும் கட்டையே பொடிந்திருந்தாலோ, அது தொடக்கநிலையில் இருப்பவருக்கான வேலை இல்லை. பணிமனையில் கேட்டுப் பாருங்கள். இன்னும் வாங்காத வண்டி என்றால் விட்டுவிடுங்கள்.

7. வென்ட்டையும் மூடிகளையும் திரும்பப் பொருத்துதல்

வெயிலில் கிடந்து நொறுங்கும் பழைய பிளாஸ்டிக் மூடிகளை இந்தச் சாக்கில் மாற்றிவிடுங்கள். கூரை வென்ட்டுகளின் துளை பெரும்பாலும் 14 அங்குலச் சதுரம்தான், கடைகளில் எளிதாகக் கிடைக்கும்.

விளிம்புக்கு அடியில் ப்யூட்டைல் டேப் (பிசுபிசுப்பான மெத்தென்ற ரப்பர் நாடா) ஒட்டி, எதிரெதிர் ஸ்க்ரூக்களாக மாற்றி மாற்றி முடுக்குங்கள். சுற்றிலும் ஒரே அளவு பிதுங்க வேண்டும், பிதுங்கினதைப் பிளாஸ்டிக் கத்தியால் வழித்துவிடலாம். தண்ணீரை உண்மையில் தடுப்பது இந்த ப்யூட்டைல்தான். மேலே போடும் சீலன்ட் அதற்கும் ஸ்க்ரூ தலைகளுக்கும் பாதுகாப்பு. மேல் சீலன்டை மட்டும் வருடா வருடம் பூசிக்கொண்டிருப்பவர்களுக்குக் கசிவு திரும்பத் திரும்ப வருவது அடியில் ப்யூட்டைல் காய்ந்து போனதால்தான்.

8. சீலன்ட் போடுதல்

தட்டையான இடத்துக்குத் தானே பரவி மட்டமாகும் ரகம், செங்குத்தான, சரிவான இடத்துக்கு வழியாத ரகம் என்று இரண்டு வாங்குங்கள். டைகோர் நிறுவனத்தில் இரண்டும் உண்டு, ரப்பர் கூரைக்காரர்கள் அதிகம் பயன்படுத்துவது அதைத்தான். இணைப்பை ஆல்கஹாலால் துடைத்து, உலர்ந்ததும் விளிம்பின் இரண்டு பக்கமும் அரை அங்குலம் மூடும்படி விடுங்கள். ஒவ்வொரு ஸ்க்ரூ தலைமேலும் ஒரு குமிழ். விரலால் தடவி மெழுகாதீர்கள், அதுவே பரவிக்கொள்ளும். தடவினால் மெலிந்துதான் போகும்.

காலைப் பனி காய்ந்த பிறகு, 10 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும் நாளில் செய்யுங்கள். சில மணி நேரத்தில் மேல்தோல் கட்டிவிடும், முழுதாக இறுகச் சில வாரம் ஆகும்.

ஏ.சி.க்கு மட்டும் முறை வேறு. அதைச் சுற்றி வெளியே சீலன்ட் போடக்கூடாது. அது உட்கார்ந்திருப்பது கேஸ்கெட் எனும் மெத்தை போன்ற அடைப்பு வளையத்தின் மேல். உள்ளே மூடியைக் கழற்றினால் நான்கு போல்ட் தெரியும். தளர்ந்திருந்தால் நான்கையும் சமமாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். கேஸ்கெட் அப்பளமாக நசுங்கியிருந்தால் புதிது வேண்டும். ஏ.சி. 35, 40 கிலோ இருக்கும், தூக்க இரண்டு பேர் தேவை.

9. ஓரங்களும் நெற்றி விளக்குகளும்

ரப்பரும் முன்பக்க, பின்பக்க ஃபைபர்கிளாஸ் மூடியும் சேரும் கோட்டுக்கு 4 அங்குல எட்டர்னாபாண்ட் என்ற கூரை டேப் நன்றாக உழைக்கும். மூலைகளை வட்டமாக வெட்டி, அடித்தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டே ஒட்டி, ரோலரால் பலமாக அழுத்துங்கள். ஒட்டினால் ஒட்டினதுதான், திரும்ப எடுக்க முடியாது. அதனால் பின்னால் கழற்ற வேண்டிய பாகங்கள்மேல் ஒட்டாதீர்கள்.

பக்கவாட்டு அலுமினியப் பட்டையில் இருக்கும் வினைல் நாடாவை இழுத்தெடுத்து ஸ்க்ரூக்களைச் சோதியுங்கள். பட்டையின் மேல் விளிம்பை மட்டும் சீலன்டால் அடைத்துவிடுங்கள். கீழ் விளிம்பையும் அடைத்தால் உள்ளே போன தண்ணீருக்கு வெளியேற வழி இருக்காது. படுக்கைக்கு முன்னால், நெற்றியில் வரிசையாக இருக்கும் ஐந்து மஞ்சள் விளக்குகளுக்கும் இதே கதைதான்: மேலேயும் இரண்டு பக்கமும் வழியாத சீலன்ட், அடிப்பக்கம் திறந்தே இருக்கட்டும். மேல் படுக்கை நனைகிற வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது இந்த விளக்குகளைத்தான்.

10. கோட்டிங் வேண்டுமா?

ரப்பர் தேய்ந்து பல இடங்களில் கறுப்பு தெரிந்தால் அடிக்கலாம். 28 அடி நீளம், 8 அடி அகலம் என்றால் 224 சதுர அடி. டப்பாவில் போட்டிருக்கும் பரப்பளவைப் பார்த்து இரண்டு கோட்டுக்கு வாங்குங்கள். அதே நிறுவனம் பிரைமர் சொல்லியிருந்தால் அதையும் அடியுங்கள். மழை இல்லாத நாட்களாகப் பார்த்து, ஏணிக்கு எதிர்முனையில் தொடங்கி ஏணியை நோக்கி வாருங்கள். தடிமனாக ஒரு கோட் அடிப்பதைவிட மெல்லியதாக இரண்டு கோட் நல்லது.

வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விற்பனைக்கு முன்னால் அவசரமாக வெள்ளையடித்த கூரையைப் பார்த்து மயங்காதீர்கள். வென்ட் ஓரங்களில் கோட்டிங்குக்கு அடியில் வெடித்த பழைய சீலன்ட் தெரிகிறதா, காலடியில் பலகை அமுங்குகிறதா என்று பாருங்கள்.

11. முடித்த பிறகு

சீலன்ட் இறுகினதும் அதே தோட்டக் குழாய்ச் சோதனையைத் திரும்பச் செய்து, பென்சிலால் எழுதிவைத்த இடங்களில் ஈரப்பதத்தை மறுபடி அளந்து பாருங்கள். அப்புறம் வசந்தத்தில் ஒருமுறை, பனிக்காலத்துக்கு முன் ஒருமுறை மேலே ஏறிப் பார்த்தால் போதும். இரண்டாவது பார்வையைத் தவறவிடாதீர்கள். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும், மயிரிழை விரிசல் ஒரே குளிர்காலத்தில் பெரிதாகிவிடும்.

நிறுத்தும்போது தண்ணீர் தேங்காமல் ஒரு பக்கமாக வடியும்படி நிறுத்துங்கள். மீந்த கூரை டேப்பை வண்டியிலேயே வைத்திருங்கள். முகாம் பாதைகளில் தாழ்ந்த கிளை கூரையைக் கிழிப்பது சகஜம். கிழிந்த இடத்தைத் துடைத்துக் காயவைத்து, எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக மூடும் துண்டை ஒட்டி அழுத்திவிட்டால் பயணத்தைத் தொடரலாம்.