"மிசைல் மாட்டியாச்சு"னு நியூஸ் வந்தா அதை எப்படி படிக்கிறது

புது ஃபைட்டர்ல மிசைல் மாட்டியாச்சுனு நியூஸ் வந்தா உடனே ஷேர் பண்ணிடாதீங்க, வேலை எந்த கட்டத்துல நிக்குதுனு முதல்ல பாருங்க. மாட்டுறது வேற, கழண்டு விழ வச்சு பாக்குறது வேற, குறி வச்சு அடிக்கிறது வேற. நடுவுல வருஷக்கணக்குல வேலை கிடக்கு, அதுலயும் விமானம் ஒரு நாட்டோடது மிசைல் இன்னொரு நாட்டோடதுன்னா கேக்கவே வேணாம்.

பழகிக்க நல்ல கேஸ் தென் கொரியாவோட புது ஃபைட்டர் கேஎஃப்-21. விமானம் கட்டுறது கேஏஐங்கிற கொரியக் கம்பெனி, இஞ்சின் அமெரிக்க எஃப்414, ரேடார் இன்னொரு கொரியக் கம்பெனி ஹன்வா சிஸ்டம்ஸ், தூரத்துல அடிக்கிற மிசைல் ஐரோப்பாவோட மீட்டியோர். அந்த மீட்டியோரே பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், ஸ்வீடன்னு ஆறு நாடு கூடி பண்ணது.

முதல்ல போட்டோவ பெருசாக்கி மிசைல் உடம்புல இருக்குற பட்டையோட கலரைப் பாருங்க. நேட்டோ வழக்கப்படி நீலப் பட்டைன்னா பயிற்சிக்கான டம்மி, மஞ்சள்னா உள்ள வெடிமருந்து இருக்கு, பழுப்புன்னா ராக்கெட் மோட்டார் இருக்கு. நீலம் மட்டும் தெரிஞ்சா விமானம் அந்த எடையத் தூக்கிட்டு ஒழுங்கா பறக்குதா, அதிருதானு பாக்குற கட்டம், மிஞ்சிப் போனா கழண்டு விழ வச்சு பாக்குற கட்டம், அடிக்கிற கட்டம் இல்ல.

அடுத்தது செப்பரேஷன் டெஸ்ட், அதாவது மிசைல கழண்டு விழ வச்சு பாக்குறது. இத நிறைய பேர் சாதாரணமா நினைக்கிறாங்க, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமான கட்டம்னு தோணும். கேஎஃப்-21ல மீட்டியோர் வயித்துப் பக்கம் பாதி புதைஞ்ச மாதிரி உக்காந்திருக்கும், சுமார் 190 கிலோ, அத லாஞ்சர் கீழ தள்ளி விட்டு, விமானத்த விட்டு விலகினதுக்கு அப்புறம்தான் மோட்டார் பத்தணும், வேகமா பறக்குறப்ப காத்து அத திருப்பி மேல தூக்கி விமானத்து மேலயே இடிச்சுதுன்னா அவ்ளோதான், பைலட் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 2023 மார்ச்ல இந்த டெஸ்ட் முதல் தடவை நடந்துச்சு, நிஜமா சுட்டது 2024 மே. மீட்டியோர மாட்டுறதுக்கு ஒப்பந்தம் போட்டது 2019லயே.

கண்ணுக்குத் தெரியாத பாதி சாஃப்ட்வேர்ல இருக்கு. மிசைல் பாதி தூரம் போற வரைக்கும் இலக்கு எங்கனு சொல்றது விமானத்தோட ரேடார், டேட்டாலிங்க்ங்கிற ரேடியோ தொடர்பு வழியா. ரேடார் கொரிய பாஷை பேசி மிசைல் ஐரோப்பிய பாஷை பேசினா ஒண்ணும் நடக்காது, ரெண்டு பக்கமும் கொஞ்சமாவது ரகசியத்தத் திறந்து காட்டணும். அதனால எப்பவும் கேக்க வேண்டிய கேள்வி, ரேடாரையும் ஆயுதங்களையும் இணைக்கிற மிஷன் கம்ப்யூட்டரோட கோடு யார் கையில? 2015ல நாலு முக்கியமான டெக்னாலஜிய தர மாட்டேன்னு அமெரிக்கா சொன்னப்புறம் கொரியா ரேடாரை தன் நாட்டுலயே பண்ணுச்சு, அந்த முடிவோட பலன் இங்கதான் தெரியுது. அமெரிக்க ஃபைட்டர் எஃப்-35பி கதைய பக்கத்துல வச்சுப் பாருங்க. பிரிட்டன் மீட்டியோர் பண்ண நாடு, அந்த விமானத் திட்டத்துலயும் பெரிய பார்ட்னர், ஆனா சாஃப்ட்வேர் அப்டேட் அத கட்டுற அமெரிக்கக் கம்பெனி லாக்ஹீட் மார்ட்டின் கையில. 2025 தொடக்கத்துலதான் டம்மி மீட்டியோரோட பறக்குற டெஸ்ட் நடந்துச்சு, முழுசா ரெடியாக 2030களோட தொடக்கம் ஆகும்னு பிரிட்டனோட தணிக்கை அலுவலகமே சொல்லிடுச்சு.

நம்ம ஊர் பக்கம் பாக்கணும்னா தஞ்சாவூர் விமானப்படை தளம். ரஷ்ய டிசைன் ஃபைட்டர் சுகோய்-30ல இந்திய-ரஷ்ய கூட்டுத் தயாரிப்பான பிரம்மோஸ் மிசைல். மிசைல் ஒண்ணே சுமார் 2.5 டன், அதனால நம்ம அரசு விமானக் கம்பெனி ஹெச்ஏஎல் நாசிக்ல விமானத்தோட உடம்பையே பலப்படுத்த வேண்டி வந்துச்சு. 2016 ஜூன்ல மாட்டிட்டு பறந்தாங்க, 2017 நவம்பர் 22 அன்னிக்கு வங்கக் கடல்ல ஒரு இலக்க சுட்டாங்க, 2020 ஜனவரிலதான் தஞ்சாவூர்ல ஸ்குவாட்ரன், அதாவது இந்த விமானங்களோட படைப்பிரிவு, வந்துச்சு. மாட்டினதுல இருந்து ஸ்குவாட்ரன் வரைக்கும் மூணரை வருஷம்.

அடுத்த தடவை செய்தி பாத்தா பட்டையோட கலர், என்ன டெஸ்ட், என்ன தேதினு ஒரு நோட்ல எழுதி வச்சுக்கோங்க, அதே விமானத்தப் பத்தி அடுத்த செய்தி வர்றப்ப எடுத்து ஒப்பிட்டுப் பாருங்க.