டைனோ டெஸ்ட், டியூனிங்: பில் எங்கே ஏறுகிறது, எப்படிக் குறைப்பது?

"காரை டைனோவில் ஏற்றி டியூன் பண்ண எவ்வளவு ஆகும்?" டைனோ என்பது பெரும்பாலும் சக்கரங்களை உருளைகள் (ரோலர்) மேல் ஓடவிட்டு எஞ்சினின் சக்தியை அளக்கும் இயந்திரம்; டியூனிங் என்பது எஞ்சினுக்கு எவ்வளவு எரிபொருள், எப்போது தீப்பொறி என்ற அமைப்புகளைச் சரிசெய்வது. இந்தக் கேள்விக்கு ஒரே தொகையாகப் பதில் சொல்ல முடியாது. அந்த பில்லுக்குள் ரோலர் நேரம், டியூனரின் உழைப்பு, மென்பொருள் உரிமம் எல்லாம் இருக்கின்றன. இவற்றோடு, டைனோவில் ஏற்றிய பிறகு தெரியவரும் கோளாறுகளுக்கான நேரமும் சேரும். புதியவர்களின் பணத்தை அதிகம் விழுங்குவது இந்தக் கடைசிச் செலவுதான். அதைத் தவிர்ப்பது பெரும்பாலும் உங்கள் கையில் இருக்கிறது.

படி 1: வேண்டியது அளவா, டியூனிங்கா?

குதிரைத்திறன் எவ்வளவு என்று தெரிந்தால் போதுமென்றால் பவர் ரன் (முழு ஆக்சிலரேட்டரில் ஓட்டிச் சக்தியை அளப்பது) மட்டும் கேளுங்கள். வழக்கமாக இரண்டு மூன்று ரன் எடுத்து கிராஃபைக் கையில் தருவார்கள். கட்டணமும் பெரும்பாலும் ஒரே தொகைதான். அந்த ரன்னின்போது எக்ஸாஸ்ட் புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் வைத்து காற்று–எரிபொருள் விகிதத்தையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். எஞ்சினுக்கு முழு த்ராட்டிலில் போதிய எரிபொருள் கிடைக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். எதையும் மாற்றாத காருக்குக்கூட இது நல்ல பரிசோதனை.

டியூனிங் வேறு கணக்கு. மணிக்கணக்கில் போகும் வேலை அது.

படி 2: எந்த வகை டைனோ?

இனர்ஷியா டைனோவில் எடை தெரிந்த கனமான உருளையைச் சக்கரங்கள் சுழற்றும். உருளை எவ்வளவு வேகமாக வேகம் பிடிக்கிறது என்பதிலிருந்து டார்க்கை, அதாவது சுழற்றும் விசையைக் கணக்கிடுவார்கள். பவர் ரன்னுக்கு இது தாராளமாகப் போதும். லோடு டைனோவில் பிரேக் இருப்பதால், எஞ்சினைக் குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் பிடித்து நிறுத்தி மேப்பின் (எரிபொருள், தீப்பொறி அமைப்புகளின் அட்டவணை) ஒவ்வொரு கட்டத்தையும் சரிசெய்யலாம். முழு டியூனிங்குக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஹப் டைனோவில் சக்கரத்தையே கழற்றிவிட்டு நேரடியாக ஹப்பில் மாட்டுவதால் டயர் வழுக்கல் கிடையாது. ஆனால் மாட்டிக் கழற்ற நேரம் பிடிக்கும். ஆல்வீல் டிரைவ் காருக்கு நான்கு சக்கரத்தையும் ஏற்றும் டைனோ வேண்டும், அதற்குக் கட்டணமும் பொதுவாகக் கூடுதல்.

படி 3: ஈசியூ வழியைத் தேர்ந்தெடுங்கள்

ஈசியூ என்பது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி. காரோடு வந்த தொழிற்சாலை ஈசியூவையே திருத்தி எழுதும் ஃபிளாஷ் டியூன்தான் பெரும்பாலான தெருக் கார்களுக்கு ஏற்றது. எச்பி டியூனர்ஸ் போன்ற மென்பொருளில் ஒவ்வொரு வண்டிக்கும் தனியாகக் கிரெடிட் (மென்பொருள் உரிமம்) வாங்க வேண்டும். அது டியூனரின் கூலியில் அடங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தொழிற்சாலை ஈசியூவுக்குப் பதிலாகப் போடும் ஸ்டாண்ட்அலோன் ஈசியூ என்றால் பெட்டியின் விலை ஆரம்பம் மட்டுமே. வயரிங் இருக்கிறது, கோல்டு ஸ்டார்ட், ஐடில், பாதி த்ராட்டில் ஆகியவற்றுக்கும் புதிதாக டியூன் செய்ய வேண்டியிருக்கும். எஞ்சினை அடியோடு மாற்றியவர்களுக்கு அது சரி. ஏர் இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் மட்டும் மாற்றியவருக்குத் தேவையே இல்லை.

படி 4: வண்டியைத் தயார் செய்யுங்கள்

பணம் மிச்சமாகும் இடம் இதுதான். ரோலரில் கட்டிய வண்டியில் பூஸ்ட் லீக் (டர்போ அழுத்தித் தரும் காற்று கசியும் இடம்) தேட ஆரம்பித்தால், டியூனிங்குக்கு வைத்திருந்த நேரம் ரிப்பேருக்குப் போய்விடும், மீட்டரும் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் சிலிண்டர்களின் அழுத்தத்தைப் பார்க்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட்டை முன்கூட்டியே செய்துவிடுங்கள். டர்போ கார் என்றால் பிரஷர் ஏற்றி லீக் பாருங்கள். புது ஸ்பார்க் பிளக் போடுங்கள். பூஸ்ட் கூடும்போது தீப்பொறி அணைந்துபோகாமல் இருக்க இடைவெளியைச் சற்றுக் குறைப்பது வழக்கம். இன்ஜெக்டர்கள் ஏற்கெனவே 85 சதவீத டியூட்டி சைக்கிளை (திறந்திருக்கும் நேரத்தின் விகிதம்) தொட்டுவிட்டால், பவரை மேலே கொண்டுபோக இடமில்லை. பெரிய இன்ஜெக்டர் போட்டுவிட்டுப் போங்கள்.

கிளட்ச் ஸ்லிப் ஆனால் ஆர்பிஎம் ஏறும், ரோலர் வேகம் கூடாது. அன்றைய நாள் அத்தோடு வீண். எண்ணெய், கூலன்ட், டயர் காற்று எல்லாம் பார்த்தாயிற்றா? சரி, இனி தினமும் போடப்போகும் அதே பெட்ரோலால் டேங்கை நிரப்புங்கள். இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) அந்த எரிபொருளின் ஆக்டேனை நம்பித்தான் அமைக்கப்படும். உயர்ந்த ஆக்டேனில் டியூன் செய்து, பிறகு குறைந்ததைப் போட்டு ஓட்டினால் நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடின்றித் தானாக வெடிப்பது) வந்து பிஸ்டனே போகலாம்.

இன்னொன்று: வாங்க நினைத்த பாகங்களையெல்லாம் மாட்டிவிட்டு ஒரே தடவையாகப் போங்கள். இன்ஜெக்டர், டர்போ, கேம்ஷாஃப்ட் என ஒவ்வொன்றாக மாற்றினால் ஒவ்வொரு முறையும் டியூனிங் கூலி கொடுக்க வேண்டிவரும்.

படி 5: புக் செய்யும்போது கேளுங்கள்

மணிக்கணக்கா, மொத்தத் தொகையா? கோளாறு கண்டு பாதியில் நிறுத்தினால் எவ்வளவு? மறுபடி வந்தால் முழுக் கட்டணமா? டியூன் ஃபைல் என் கைக்கு வருமா, இல்லை பூட்டிவிடுவீர்களா? இவற்றுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் டியூனரிடம் போங்கள்.

படி 6: அன்றைய வேலை

முதலில் பேஸ்லைன் ரன், அதாவது எதையும் மாற்றும் முன் எடுக்கும் அளவு. பொதுவாக 1:1 விகிதத்துக்கு நெருக்கமான கியரில் எடுப்பார்கள். பிறகு எரிபொருளைச் சரிசெய்வார்கள்: பெட்ரோலுக்கு 14.7 (எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று) என்பது முழுமையாக எரியும் விகிதம், ஆனால் முழு த்ராட்டிலில் இதைவிட ரிச்சாக (எரிபொருள் கூடுதலாக) வைப்பார்கள், டர்போவில் இன்னும் கொஞ்சம் ரிச்சாக. அப்புறம்தான் டைமிங்கைச் சிறிது சிறிதாக முன்னே நகர்த்துவார்கள். டார்க் ஏறுவது நின்றாலோ நாக்கிங் தலைகாட்டினாலோ அதற்கு மேல் தள்ளக் கூடாது. கடைசி நாலைந்து குதிரைத்திறனுக்காக இன்னொரு மணி நேரம் கேட்காதீர்கள். அதில் பில்லோடு எஞ்சினின் ஆபத்தும் ஏறுகிறது.

படி 7: கிராஃபைப் படியுங்கள்

லோடு டைனோ அளப்பது டார்க்கையும் சுழற்சியையும்தான். பவர் கணக்கில் வருவது. நியூட்டன் மீட்டரில் உள்ள டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 9549-ஆல் வகுத்தால் கிலோவாட். 6000 ஆர்பிஎம்மில் 300 நியூட்டன் மீட்டர் என்றால் சுமார் 188 கிலோவாட். சக்கரத்தில் அளந்ததா, கிராங்க்குக்கு (எஞ்சினிலேயே வரும் சக்திக்கு) மாற்றிச் சொன்னதா என்று பாருங்கள். கியர்பாக்ஸிலும் டிஃபரன்ஷியலிலும் கொஞ்சம் சக்தி போய்விடும். அன்றைய வெப்பம், காற்றழுத்தத்துக்கு ஏற்ப அளவைச் சரிசெய்ய எந்தத் திருத்த முறை என்பதும் முக்கியம்; எஸ்டிடி, எஸ்ஏஇ ஆகியவை அப்படிப்பட்ட இரண்டு முறைகள். ஒரே ரன்னுக்கு எஸ்டிடி திருத்தம், எஸ்ஏஇ திருத்தத்தைவிட ஏறக்குறைய 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். ஆகவே முன்பும் பின்பும் ஒரே டைனோ, ஒரே கியர், ஒரே திருத்தம் என்றால் மட்டுமே ஒப்பிடுங்கள்.

கிளம்பும் முன் இரண்டு கிராஃப்களையும் ரன்னின்போது பதிவான டேட்டா லாக்கையும் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து ஏதாவது பாகம் மாற்றும்போது டியூனர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.