பழைய மருதமுனைச் சாறனில் ஒரு யானைக்குட்டி

கிழக்கிலங்கையின் மருதமுனையில் நெய்த பழைய கைத்தறிச் சாறனில் அரை மீற்றர் இருந்தால் 25 செ.மீ. நீள யானைப் பொம்மை ஒன்று வரும். புதுத்துணி என்றால் வெட்டுமுன் ஒருதரம் கழுவிக் காயவிடுங்கள். சுருங்குவது முதலே சுருங்கட்டும்.

கடதாசி அச்சு: உடல் 2, வயிறும் உள்கால்களும் சேர்ந்த துண்டு 2, காது 4. இரண்டாவது உடலுக்கு அச்சைப் புரட்டி வரையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு உடல் துண்டும் ஒரே பக்கம் பார்க்கும். கைத்தறி ஓரம் லேசில் பிரியும், தையலுக்கு வெளியே 1 செ.மீ. விடுங்கள்.

தும்பிக்கைதான் வில்லங்கம். வெட்டும்போது அகலம் 5 செ.மீ.க்குக் குறைந்தால் தைத்தபின் புரட்ட வராது. வளைவுகளில் தையலுக்கு 2 மி.மீ. கிட்டவரை சின்னச் சின்ன வெட்டுப் போடுங்கள். போடாவிட்டால் துணி இழுத்துச் சுருங்கும். புரட்டும்போது தும்பிக்கை நுனியை ஈர்க்கால் குத்தித் தள்ளினால் ஓட்டைதான். பென்சிலின் மொட்டைப் பக்கம் நல்லது.

வயிற்றுத் தையல் நடுவில் 7 செ.மீ. திறந்து விட்டு, அதனூடாகப் புரட்டிப் பஞ்சு அடையுங்கள். முதலில் தும்பிக்கை, பிறகு கால்கள், நகமளவு நகமளவாக. கால் இறுகாவிட்டால் யானை நிற்காது, மடிந்து விழும். இலவம்பஞ்சு நனைந்தால் கட்டி பிடிக்கும், மாரியில் காயாமல் பூஞ்சணமும் பிடிக்கும். கழுவப்போகிற பொம்மைக்குப் பொலியெஸ்டர் பஞ்சு.

காதைக் கடைசியில் கையால் தையுங்கள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு என்றால் கண்ணுக்குத் தெறி வேண்டாம், பிடுங்கி விழுங்கிவிடும். கறுப்பு நூலால் கண் போடுங்கள்.