பாசியா, தாழையா? முதலாண்டு உயிரியல் மாணவர்களுக்கு ஒரு கடற்கரைச் செய்முறை

கல்லூரியில் உயிரியல் வகுப்பு தொடங்கிய முதல் வாரத்திலேயே பாசி, திசு, கடத்து குழாய், பூக்கும் தாவரம் என்று சொற்கள் வந்து குவியும். ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம், வேதாளை, பெரியபட்டணம், ஏர்வாடிப் பக்கமிருந்து படிக்க வருகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு: அந்தச் சொற்களில் பலவற்றுக்கு உரிய பொருள் நம் கரையில் ஒதுங்கிக் கிடக்கிறது.

என் பெரியம்மா கடற்பாசி எடுக்கப் போகிறவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையைத் தடவி மரிக்கொழுந்துப் பாசியைப் பறிப்பார். தாழை (எங்கள் பக்கம் கடற்புல்லுக்கு அதுதான் பெயர், தாழம்பூச் செடி இல்லை) கையில் சிக்கினால் அப்படியே விட்டுவிடுவார். "அது புல்லு, பாசி இல்ல" என்பார். நான் முதலாண்டு ரெக்கார்டு நோட்டில் தாழையைப் பாசிகளோடு சேர்த்து வரைந்திருந்தேன். பெரியம்மா சொன்னதுதான் சரி. ஏன் சரி என்பது மைக்ரோஸ்கோப்பில் பார்த்த அன்றுதான் விளங்கியது. நீங்களும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

படி 1: கரைக்குப் போவது

கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கரையிலும், வாடைக் காலத்தில் வடகடல் (பாக் விரிகுடா) கரையிலும் நிறைய ஒதுங்கும். விடியற்காலையில் போனால் வெயிலில் காயாத, பச்சையான துண்டுகள் கிடைக்கும். ஒரு வாளி, நாலைந்து பிளாஸ்டிக் டப்பா, பழைய செய்தித்தாள் போதும். காலில் செருப்பு கட்டாயம். மணலில் கிடக்கும் சொறி மீன் (ஜெல்லி மீன்) செத்திருந்தாலும் பட்டால் எரியும்.

ஒதுங்கியதை மட்டும் எடுங்கள், வளர்வதைப் பிடுங்க வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே சேகரிக்கக் கூடாது. கரையில் பவளத் துண்டு, கடல் அட்டை, கடல் குதிரை கிடந்தால் செத்ததாக இருந்தாலும் தொடாமல் வந்துவிடுங்கள். அவை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன.

படி 2: கண்ணால் பிரிப்பது

எடுத்ததைக் கடல் தண்ணீரிலேயே அலசி, ஒரு வெள்ளைத் தட்டில் பரப்புங்கள். அவசரம் வேண்டாம்; இந்தச் செய்முறையின் உயிரே இந்தப் படிதான்.

முதலில் கட்டக்கோரையை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் சர்காசம் என்று இருப்பது இதுதான். தண்டு மாதிரி, இலை மாதிரி எல்லாம் தெரியும். இடையிடையே மிளகளவு காற்றுப் பைகள் இருக்கும். அடியைப் பாருங்கள். வேர் கிடையாது. பாறையைப் பற்றிக்கொள்ள ஒரு பிடிப்பு உறுப்பு மட்டும் இருக்கும். அதன் வேலை பிடித்துக்கொள்வது. சத்தை உறிஞ்சுவது உடல் முழுவதும்.

அடுத்து தாழை. மணலுக்குள் கிடைமட்டமாக ஓடும் தண்டு, கணுக்கள், கணுவிலிருந்து உண்மையான வேர், மேலே இலை. இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நரம்புகள் தெரியும். அறுகம்புல் ஓடுகிற விதத்தை நினைத்துப் பாருங்கள், அப்படியே இருக்கும். இலை நுனியில் ரம்பம் போல் பல் இருந்தால் அது சைமோடோசியா செருலேட்டா. இலை உருண்டு ஊசி போல் இருந்தால் சிரிங்கோடியம். சிறிய முட்டை வடிவ இலை ஹாலோஃபிலா ஓவாலிஸ். இவை தரைத் தாவரங்களின் வழியில் வந்து கடலுக்குத் திரும்பியவை. தண்ணீருக்குள்ளேயே பூத்துக் காய்க்கின்றன. ஆவுளியா என்ற கடற்பசு மேய்வதும் இந்தப் புல்லைத்தான்.

படி 3: வெந்நீர்ச் சோதனை

இது சுலபம், வீட்டிலேயே செய்யலாம். கட்டக்கோரைத் துண்டு ஒன்றைக் கொதிக்கும் தண்ணீரில் அரை நிமிடம் விடுங்கள். பழுப்பு போய்ப் பச்சையாகும். பச்சையம் முன்பே உள்ளே இருந்தது. ஃபியூகோசாந்தின் என்ற நிறமி அதை மறைத்து வைத்திருந்தது. சூடு பட்டதும் அந்த நிறமியின் பிணைப்பு குலைகிறது. கட்டக்கோரை போன்ற பழுப்புப் பாசிக்கு நெருங்கிய உறவு டயாட்டங்கள் என்ற ஒற்றைச் செல் பாசிகள்தான். தாழையோ நெல்லோ இல்லை.

கஞ்சிப்பாசி கிடைத்தால் அதையும் தனியாகக் கொதிக்க வைத்து வடிகட்டி ஆற விடுங்கள். குழகுழப்பாக உறையும். நம் ஊரில் கஞ்சி காய்ச்சுவதும், நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் தட்டில் ஊற்றும் அகாரும் ஒரே சரக்கு.

படி 4: வெட்டிப் பார்ப்பது

ஆய்வகத்தில் புது பிளேடு கேளுங்கள். பழைய பிளேடால் வெட்டினால் செல்கள் நசுங்கும், படம் வராது. தாழையின் கிடைத்தண்டை ஒரு காரட் துண்டில் கீறல் போட்டுச் செருகி, பிளேடை உங்களை நோக்கி இழுத்து மெல்லிய சீவலாக வெட்டுங்கள். இருபது வெட்டினால் இரண்டு தேறும், அது போதும். தண்ணீர் விட்ட வாட்ச் கிளாஸில் போட்டு, மெல்லியதைத் தூரிகையால் எடுத்து, சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயத்தில் ஒரு நிமிடம் வைத்து அலசி, ஒரு சொட்டு கிளிசரின் விட்டுக் கவர்ஸ்லிப்பைச் சாய்வாக இறக்குங்கள். நேராகப் போட்டால் காற்றுக் குமிழ் சிக்கும்.

முதலில் குறைந்த உருப்பெருக்கம். வெளியே தோல், உள்ளே பெரிய பெரிய காற்றறைகள், நடுவில் கடத்து திசு. இலை உண்டாக்கும் ஆக்சிஜன் அந்தக் காற்றறைகள் வழியேதான் சேற்றில் புதைந்த வேருக்குப் போகிறது. தண்ணீரைக் கடத்தும் திசுவான சைலத்தைத் தேடினால் ஏமாற்றமாக இருக்கும். தண்ணீருக்குள்ளேயே வாழும் செடிக்கு அது பெரிதாகத் தேவைப்படவில்லை, சிறுத்துவிட்டது. இப்போது கட்டக்கோரைத் தண்டையும் இதே போல் வெட்டிப் பக்கத்தில் வையுங்கள். செல்கள் இருக்கும், சைலம் இருக்காது.

ஹாலோஃபிலா இலையை வெட்டவே வேண்டாம். முழு இலையாகவே ஸ்லைடில் வைக்கலாம், அவ்வளவு மெல்லியது. ஆனால் கடல் தண்ணீரில் வையுங்கள். நல்ல தண்ணீர் விட்டால் செல்லுக்குள் நீர் புகுந்து உப்பும். மேல்தோல் செல்களிலேயே பசுங்கணிகங்கள் நிறைந்திருக்கும். இலைத்துளை ஒன்றுகூட இருக்காது. செம்பருத்தி இலையின் தோலை உரித்து அடுத்த ஸ்லைடில் வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

படி 5: ரெக்கார்டு

பென்சிலால் மட்டும் வரையுங்கள். புத்தகத்துப் படத்தைப் பார்த்து வரைய வேண்டாம், ஸ்லைடில் தெரிந்ததை வரையுங்கள். தேதி, ஊர், வடகடலா தென்கடலா, உருப்பெருக்கம் எல்லாம் ஓரத்தில் எழுதுங்கள். அறிவியல் பெயருக்குக் கீழே ஊர்ப் பெயரையும் எழுதுங்கள். தெரியாவிட்டால் கரையில் பாசி காய வைக்கும் அக்காமாரிடம் கேளுங்கள். மிச்சத்தைக் குப்பையில் போடாமல் எடுத்த கரையிலேயே கொட்டிவிடுங்கள். நண்டுக்கும் மணல் பூச்சிக்கும் அது சாப்பாடு.