ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆன்டிவைரஸ் வேண்டாம்

புது லேப்டாப்பில் பெரும்பாலும் ஏதாவது ஒரு ஆன்டிவைரஸின் ட்ரயல் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கும். விண்டோஸின் சொந்த டிஃபென்டரும் உண்டு. போதாக்குறைக்கு, நண்பர் சொன்னார் என்று மூன்றாவதாக ஒன்றையும் போடுவோம். மூன்று இருந்தால் மும்மடங்கு பாதுகாப்பு என்ற கணக்குதான் இங்கே தப்பு.

ஆன்டிவைரஸின் ரியல் டைம் பகுதி, நீங்கள் திறக்கும் ஒவ்வொரு ஃபைலையும் இடைமறித்துச் சோதிக்கும். அப்படி இரண்டு ஓடினால் ஒவ்வொரு ஃபைலுக்கும் இரண்டு சோதனை. ஒன்று சோதிக்கத் தொட்டதை இன்னொன்றும் தொட்டுப் பார்க்கும். 4 ஜிபி ரேமும் பழைய ஹார்ட் டிஸ்க்கும் உள்ள கம்ப்யூட்டர் என்றால் கேட்கவே வேண்டாம். வேகம் குறைவதாவது கண்ணுக்குத் தெரியும். ஒரே வைரஸ் ஃபைலை இரண்டும் பிடித்துக்கொண்டு, எதனாலும் அழிக்க முடியாமல் போவதுதான் வம்பு. நெட்வொர்க் இணைப்புகளைக் கண்காணித்துத் தடுக்கும் ஃபயர்வால் இரண்டு ஓடினாலும் இப்படித்தான். பிரின்டர் இணையவில்லை என்றால் எது தடுத்தது என்று கண்டுபிடிப்பதற்குள் பொழுது போய்விடும்.

விண்டோஸ் 10, 11-இல் வேறு ஆன்டிவைரஸ் ஏற்றினால் டிஃபென்டர் பொதுவாகத் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். அதைப் பார்த்துப் பதறி, விண்டோஸின் உள் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கைவைத்து மறுபடி ஓடவைக்கப் பார்க்காதீர்கள்.

என்னைக் கேட்டால் இதைவிட மோசம், ட்ரயல் முடிந்ததை 'அப்புறம் பார்க்கலாம்' என்று விட்டுவைப்பது. புது வைரஸ் பற்றிய அப்டேட் வராத காவல் அது. ஒன்று பணம் கட்டுங்கள், இல்லை நீக்குங்கள். டெஸ்க்டாப் ஐகானை அழித்தால் போதாது. செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் அன்இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். அப்போதும் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தால் மெக்காஃபி, நார்ட்டன், அவாஸ்ட் எல்லாம் இதற்கென்றே தனிக் கருவி தருகின்றன. அதை அந்தந்த நிறுவனத்தின் தளத்திலேயே எடுங்கள். தேடலில் மேலே வரும் விளம்பரத்தை நம்பி வேறு எதையோ இறக்கியவர்கள் உண்டு. நீக்கியபின் டிஃபென்டர் திரும்ப ஆன் ஆகிவிட்டதா என்று விண்டோஸ் செக்யூரிட்டியில் ஒருமுறை பாருங்கள்.

சரி, சந்தேகம் வந்தால் இன்னொன்றை வைத்துச் சோதிக்கவே கூடாதா? தாராளமாகச் சோதிக்கலாம். நாம் சொன்னால் மட்டும் ஸ்கேன் செய்யும் வகையால் மோதல் வராது. மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு அந்த வகை. ஆனால் ஏற்றியதும் அதன் கட்டணப் பதிப்பின் ட்ரயல் தொடங்கினால் ரியல் டைமும் ஓடும், அதை நிறுத்திவிடுங்கள். மைக்ரோசாஃப்டின் சேஃப்டி ஸ்கேனரும் இலவசம்தான். இறக்கிய 10 நாளில் அது காலாவதியாகிவிடும், மறுபடி தேவைப்பட்டால் புதிதாக இறக்கிக்கொள்ள வேண்டும்.