ஸ்ட்ரெயிட் எட்ஜ்: இந்தச் சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்வது எப்படி?

இந்தச் சொல்லை மட்டும் போட்டுத் தேடினால் அளவுகோலும் சவரக் கத்தியும்தான் வந்து நிற்கும். கூடவே 'ஹார்ட்கோர் பங்க்' என்று சேர்த்துக்கொள்ளுங்கள்; பங்க் என்ற ராக் இசையின் வேகமான, முரட்டு வகை அது.

மது, சிகரெட், போதைப்பொருள் எதையும் தொடாத பங்க் ரசிகர், அதுதான் பொருள். இதில் பலர் கோட்டை விடுவது 'பங்க் ரசிகர்' என்ற இடத்தில். மதத்துக்காகவோ உடம்புக்காகவோ குடிக்காமல் இருப்பவரை இப்படிக் கூப்பிடாதீர்கள், அவருக்கும் புரியாது, பங்க் ஆட்களுக்கும் சிரிப்புதான் வரும்.

அப்புறம், 'நேர் விளிம்பு' என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்கவும் வேண்டாம். வாஷிங்டன் டி.சி.யைச் சேர்ந்த மைனர் திரெட் என்ற இசைக்குழு 1981இல் வெளியிட்ட, ஒரு நிமிஷம்கூட ஓடாத பாட்டின் தலைப்புதான் இது. பாடியவர் இயன் மெக்கே. போதை இல்லாததால் என் தலை தெளிவாக இருக்கிறது, அதனால் உன்னைவிட நான் ஒரு படி மேலே என்கிற தொனி. இங்கே 'எட்ஜ்' என்றால் அந்த ஒரு படிதான். பங்க் என்றாலே குடித்துச் சீரழிவது என்று இருந்த காலத்தில் ஒரு பையன் இப்படிக் கத்திப் பாடினால் எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

ஸ்ட்ரெயிட் எட்ஜ் ஆட்கள் கையில் போடும் பெருக்கல் குறியின் கதை இன்னும் சுவாரசியம். மெக்கே அதற்கு முன்பு இருந்த டீன் ஐடில்ஸ் குழு 1980இல் சான் பிரான்சிஸ்கோவின் மபுஹே கார்டன்ஸ் கிளப்பில் வாசிக்கப் போனது. பையன்களுக்குக் குடிக்கும் வயது ஆகவில்லை. பாரில் இவர்களுக்கு ஊற்றக் கூடாது என்பதற்கு அடையாளமாகப் புறங்கையில் கறுப்பாகப் பெரிய பெருக்கல் குறி போட்டு உள்ளே விட்டார்கள். ஊர் திரும்பியதும், எங்கள் ஊர் கிளப்பிலும் இப்படிக் குறி போட்டுச் சின்னவர்களை உள்ளே விடுங்களேன் என்று கேட்டார்கள். தடைக்காகப் போட்ட குறி, கொஞ்ச நாளில் அவர்களாகவே பெருமையாகப் போட்டுக்கொள்ளும் அடையாளமாகிவிட்டது. ஸ்ட்ரெயிட் எட்ஜை எஸ், எக்ஸ், இ என்று மூன்று ஆங்கில எழுத்தில் சுருக்கி எழுதியிருந்தால், நடுவில் இருப்பது இந்தக் குறிதான்.

மெக்கே இதை இயக்கமாக நினைக்கவே இல்லை. இது சட்டதிட்டம் இல்லை என்று 1983இல் மறுபடி பதிவு செய்த இன்னொரு பாட்டின் நடுவிலேயே பேசி வைத்தார். ஆனாலும் சட்டதிட்டம் வரத்தான் செய்தது. எண்பதுகளின் பிற்பகுதியில் நியூயார்க்கின் யூத் ஆஃப் டுடே போன்ற குழுக்கள் சைவ உணவைச் சேர்த்தன, தொண்ணூறுகளில் எர்த் கிரைசிஸ் குழு வந்து பால், முட்டைகூட கூடாது என்று இறுக்கியது. அதனால் ஒருவர் தன்னை எட்ஜ் என்று சொன்னால் சாப்பாட்டையும் சேர்த்துச் சொல்கிறார் என்று நீங்களாக முடிவுகட்டாதீர்கள், கேட்டுவிடுங்கள். காபி கூடாது என்பவர்கள்கூட உண்டு (எனக்கு அது கொஞ்சம் ஓவராகத்தான் படுகிறது).

பேச்சில் 'எட்ஜ் உடைந்துவிட்டது' என்று வந்தால், அந்த ஆள் குடியையோ போதையையோ தொட்டுவிட்டார் என்று அர்த்தம்.

ஒரு சின்ன விஷயம்: அமெரிக்க கிளப்புகளில் வயது குறைந்தவர்களுக்கு இன்றும் இதே குறியைப் போடுகிறார்கள். எனவே கையில் குறி இருந்தால், வயதையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.